நாகர்கோயில் சுத்தி ஏத்தம் இல்லாத, வண்டித் தொல்லை இல்லாத சைக்கிள் ரூட் எது? வயக்காட்டு வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

மாமியார்வீட்டு_ரைடர்

எல்லாருக்கும் வணக்கம். வேலை பெங்களூர்ல, சொந்த ஊர் திருச்சி பக்கம், பொண்ணு கட்டுனது நாகர்கோயில் வடசேரில. பிப்ரவரி நடுவுல லீவு போட்டுட்டு வர்றோம், இந்த தடவை ரெண்டு சைக்கிளையும் கார் பின்னாடி மாட்டி எடுத்துட்டு வர்றதா பிளான். எனக்கு எந்த ரோடா இருந்தாலும் ஓகே தான், ஆனா வீட்டம்மா இப்பதான் ஓட்டப் பழகியிருக்காங்க, 30 கிலோமீட்டர் வரைக்கும் சிரமமில்லாம ஓட்டுவாங்க, ஏத்தம் வந்தா மூச்சு வாங்கும், அதைவிட முக்கியமா பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சா ஹேண்டில் ஆடிடும். அதனால பேச்சிப்பாறை, திற்பரப்பு மாதிரி மலைப்பக்கம் வேண்டாம். சமவெளியா, வயல் நடுவுல போற ரோடு, ரெண்டு பேரும் பேசிட்டே போற மாதிரி. மேப்ல பாத்தா நாகர்கோயிலுக்கு வடக்க முழுக்க பச்சையும் நீலமுமா குளமா தெரியுது, ஆனா எந்த ரோட்ல எவ்ளோ வண்டி வரும்னு மேப்பு சொல்லாதே. என்னோடது ரோடு பைக் 25 எம்எம் டயர், அவங்களோடது ஹைப்ரிட் 35 எம்எம்.

கோட்டார்காரன்

வாங்க வாங்க மாப்ள. மொதல்ல எங்க போவக்கூடாதுன்னு சொல்லிருதேன். கன்னியாகுமரி மெயின் ரோடு, திருநெல்வேலி ரோடு, தக்கலை மார்த்தாண்டம் ரோடு மூணும் வேண்டாம். காலைல அஞ்சு மணின்னாலும் வேண்டாம். வெளியூர்க்காரங்க எல்லாரும் கன்னியாகுமரில சூரிய உதயம் பாக்கணும்னு நேரா மெயின் ரோட்ல சவிட்டிப் (சைக்கிள் மிதிச்சு) போவாங்க, டூரிஸ்ட் வேனும் அதே சூரியனைப் பாக்கத்தான் அதே நேரத்துல பறந்துட்டு வரும். நல்லவேளை நீங்க வாறது பிப்ரவரி, சபரிமலை சீசன் முடிஞ்சிருக்கும், இல்லன்னா கார்த்திகை மார்கழில அந்த ரோட்ல நடக்கவே இடம் கிட்டாது.

சானல்கரை

நான் இந்தப் பக்கம்தான் பொழுதன்னைக்கும் ஓட்டுறது அதனால கொஞ்சம் விவரமா சொல்லுதேன், நீளமா போச்சுன்னா மன்னிச்சிருங்க.

உங்களுக்கு வேண்டியது நாஞ்சில் நாட்டுப் பக்கம், அதாவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் ரெண்டு தாலுகாவும். மேக்க கல்குளம் விளவங்கோடு போனா எல்லாம் மேடும் பள்ளமும் ரப்பரும்தான். நாஞ்சில் நாட்ல ஊருக்கு ஊரு குளம், குளத்துக்குக் கீழ வயப்பத்து (வயக்காடு), நடுவுல சானல் (வாய்க்கால்). தண்ணி போறதுக்கு வெட்டுன ஊருங்கறதால ரோடும் தண்ணி மாதிரியே ஏத்தம் இல்லாம வளைஞ்சு வளைஞ்சு போவும்.

வடசேரில இருந்து கெளம்புறதுன்னா எளுப்பமான ரூட்டு இதான். ஒழுகினசேரி தாண்டி திருப்பதிசாரம் உள்ள எறங்கிருங்க. மெயின் ரோட்ட விட்டுத் திரும்புன ஒடனே சத்தம் கொறஞ்சிரும். திருவாழ்மார்பன் கோயில், 108 திவ்ய தேசத்துல ஒண்ணு, நம்மாழ்வாரோட அம்மா ஊருன்னு சொல்லுவாங்க, கோயில் முன்னாடி தெப்பக்குளத்துப் படிக்கட்டுல கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க. நெல்லு ஆராய்ச்சி நிலையமும் இந்த ஊர்லதான், டிபிஎஸ்னு ஆரம்பிக்கிற நெல்லு ரகமெல்லாம் இங்கருந்து வந்ததுதான். அங்கேருந்து வீரநாராயணமங்கலம், தாழக்குடி. பழையாறு பக்கத்துலயே கூட வரும், ஒரு எடத்துல கிட்ட வரும் ஒரு எடத்துல தென்னை மறைச்சிரும். தாழக்குடி தாண்டி பூதப்பாண்டி பக்கமா வளைஞ்சு போங்க, எந்த முக்குல திரும்பணும்னு டீக்கடைல கேட்டுக்கிடுங்க, நாலு பேரு நாலு வழி சொல்லுவாங்க நாலுமே போய்ச் சேரும். திரும்பும்போது பூதப்பாண்டில இருந்து இறச்சகுளம், புத்தேரி வழியா வடசேரி. மொத்தம் 25 கிலோமீட்டருக்கு முன்ன பின்ன வரும். உங்க வீட்டம்மாவுக்கு சரியான அளவு.

இதுல பூதப்பாண்டி – இறச்சகுளம் – புத்தேரி மட்டும் பஸ் ரோடு, காலேஜ் பஸ்ஸும் வரும், அதனால எட்டு மணிக்குள்ள அத தாண்டிருங்க. ஞாயித்துக்கெழமைன்னா பிரச்சனையே இல்ல.

கூட கொஞ்சம் ஓட்டணும்னா பூதப்பாண்டில இருந்து திட்டுவிளை, தெரிசனங்கோப்பு, அருமநல்லூர்னு வடக்க போங்க. வலது பக்கம் தாடகமலை நீளமா கெடக்கும், அதுக்குக் கீழ வரைக்கும் வயல். கடுக்கரை வரை சமதளம்தான். அழகியபாண்டிபுரம் தாண்டி தடிக்காரன்கோணம் பக்கம் போனா ஏத்தம் ஆரம்பிச்சிரும், அந்தால திரும்பிருங்க.

ஆரல்காத்து

ரூட்டு சரி, காத்த யாரும் சொல்லலியே. சமவெளில ஏத்தம்னா அது காத்துதான். நான் ஆரல்வாய்மொழிக்காரன், எங்க ஊர்ல மலைக்கு நடுவுல ஒரு வாசல் மாதிரி எடவெளி, மேக்குக் காத்து பூராவும் அது வழியாத்தான் பிதுங்கி கிழக்க போவும், அதனாலதான முப்பந்தல்ல இவ்வளவு காத்தாடி நட்டு வச்சிருக்கான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் நாகர்கோயில்ல இருந்து கெழக்க வந்தா சவிட்டவே வேண்டாம், சும்மா உக்காந்திருந்தா போதும், திரும்பிப் போவும்போது லோ கியர்ல போட்டும் நடக்கிற வேகம்தான். குறுக்க அடிச்சா இன்னும் மோசம், லாரி ஒண்ணு தாண்டுற நேரம் காத்து நின்னு திரும்ப அடிக்கும் பாத்தீங்களா, அதுல புதுசா ஓட்டுறவங்க ரோட்டுக்கு நடுவுல போயிருவாங்க.

நீங்க வாறது மாசி மாசம், அந்தக் காத்து கெடயாது. ஆனாலும் பத்து மணிக்கு மேல கடக்காத்து ஏறும். அதனால கணக்கு என்னன்னா காலைல கெளம்பி கடலைப் பாக்கப் போங்க, காத்து ஏறுன பொறவு கடலை முதுகுக்கு வச்சு வீட்டுக்கு வாங்க.

முட்டம்_லைட்ஹவுஸ்

எல்லாரும் வயக்காட்டயே சொல்லுதீங்க. மணக்குடி பாத்திருக்கீங்களாவே? கோட்டார்ல இருந்து பறக்கை, தெங்கம்புதூர், மணக்குடி. ஒரு மேடு கெடயாது. தெங்கம்புதூர் தாண்டுனா தென்னந்தோப்பு, அப்பறம் உப்பளம், அப்பறம் பழையாறு கடல்ல சேர்ற காயல். 2004 சுனாமில பழைய பாலம் துண்டு துண்டா தூக்கி எறியப்பட்டது இங்கதான், இப்ப இருக்கது பொறவு கட்டுனது. காயல் ஓரத்துல கண்டல் செடி (அலையாத்தி) வச்சு இப்ப நல்லா காடா வளர்ந்திருக்கு. பாலத்துமேல சைக்கிள நிறுத்திட்டு காலைல ஆறே முக்காலுக்கு நில்லுங்க, ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் காயல், தூரத்துல மருந்துவாழ்மலை. பாலம் தாண்டி அப்படியே கோவளம் வழியா கன்னியாகுமரியும் போயிரலாம், மெயின் ரோட்டு மூஞ்சிலயே முழிக்காண்டாம்.

மேற்கு பக்கம் போனா ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம். ஈத்தாமொழி தேங்காய்க்கு புவிசார் குறியீடு வாங்கியிருக்கு தெரியும்லா, ரோட்டு ரெண்டு பக்கமும் தென்னைதான், வெயிலே தெரியாது.

கோட்டார்காரன்

கடக்கரை ரோடு நல்லதுதான் ஆனா புதுசா ஓட்டுறவங்கள கூட்டிட்டுப் போற எடமா அது? ஊருக்குள்ள ரோடு ஒடுக்கம், வீட்டு வாசல் ரோட்டுலதான் எறங்கும், பிள்ளேளும் கோழியும் குறுக்க ஓடும், மீன் வண்டி வேற. அதுலயும் ஞாயித்துக்கெழமை காலைல பூசைக்கு ஊரே ரோட்ல நிக்கும். மாசில மண்டைக்காட்டுக் கொடை (அம்மன் கோயில் திருவிழா) வேற வரும், அந்த நேரம் ராஜாக்கமங்கலத்துல இருந்து கொளச்சல் வரை மேக்க பூரா ஆளுதான், கேரளால இருந்து பொம்பளையாளு கூட்டம் கூட்டமா வருவாங்க. தேதி பாத்துட்டுப் போங்க.

முட்டம்_லைட்ஹவுஸ்

மண்டைக்காடு எங்க இருக்கு மணக்குடி எங்க இருக்கு வோய். நான் சொன்னது மணக்குடி. ஞாயித்துக்கெழமைய விட்டுட்டு வார நாள்ல போங்கன்னு சொல்லுங்க அத ஒத்துக்கிடுதேன். பிள்ளேளு குறுக்க வந்தா மெதுவாப் போங்க, வேகமாப் போறதுக்கு மெயின் ரோடுதான் இருக்கே.

தோவாளை_மல்லி

பொம்பளையாளு யாரும் எழுதலன்னு நான் வாறேன். நான் ஸ்கூல்ல டீச்சர், லீவு நாள்ல ரெண்டு மூணு பேரு சேந்து ஓட்டுவோம். தம்பி, உங்க வீட்டம்மா கிட்ட நேரடியா சொல்ல வேண்டிய விஷயம் சிலது இருக்கு, அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

ஒண்ணு, பஸ் ஹாரன். நம்ம ஊரு ரோடு ஒத்தை வண்டி போற அகலம், பஸ் வந்தா ரோடு முழுக்க அதுக்குத்தான். டிரைவர் ஹாரன் அடிக்கது விரட்ட இல்ல, நான் வாறேன்னு சொல்லத்தான். ஓட்டிக்கிட்டே ஓரத்துல எறக்கக் கூடாது, ரோட்டு விளிம்பு ஒரு சாண் ஒசரம் இருக்கும், கீழ சானல் கரை மண்ணு பொதபொதன்னு கெடக்கும், முன் வீல் எறங்குனா திரும்ப ஏத்த முடியாது. ஒரு வீட்டு வாசலோ கலுங்கோ (சானல் மேல இருக்க சின்னப் பாலம்) பாத்து நின்னு எறங்கி நிக்கணும். பஸ்காரரே கையக் காட்டிட்டுப் போவாரு.

அடுத்தது நாய். ஊருக்குள்ள நாய் ஒண்ணும் செய்யாது, ஊருக்கும் ஊருக்கும் நடுவுல கோழிக்கழிவு கொட்டுற எடம் இருக்கும் பாருங்க அங்க கூட்டமா நிக்கும். சவிட்டி ஓடாண்டாம். எறங்கி சைக்கிள நடுவுல வச்சு உருட்டிட்டு நடந்தா விட்டுரும்.

பாத்ரூம் விஷயம் ஆம்பளையாளு யாரும் எழுத மாட்டாங்க. வயக்காட்டு ரூட்ல ஒண்ணும் கெடயாது. நாங்க பூதப்பாண்டிலயோ சுசீந்திரத்துலயோ ஒரு ஓட்டல்ல சாப்பாடு வாங்குற மாதிரிதான் பிளான் பண்ணுவோம், அதுக்கேத்த மாதிரி தண்ணி குடிப்போம். தனியாப் போறதுன்னா குளத்தங்கரை ரோட்ட விடிஞ்ச பொறவு வச்சுக்கிடுங்க. மாசில ஆறரை தாண்டித்தான் நல்லா விடியும் நம்ம ஊர்ல.

தோவாளை பூச்சந்தை பாக்க ஆசை இருந்தா அது விடியக்காலைல, ஆனா சைக்கிள்ல வராதீங்க, திருநெல்வேலி ரோட்டு மேலயே சந்தை, பூ வண்டி அவசரம் உங்களுக்குத் தெரியாது. வெள்ளமடம் வரை உள்ரோடாவே வந்து வண்டிய வச்சிட்டு ஆட்டோல வாங்க.

சென்னை_சக்கரம்

போன வருஷம் பிப்ரவரி கடைசில அந்த தாழக்குடி பூதப்பாண்டி சைடு வந்தேன். சீனரி சூப்பர், சந்தேகமே இல்ல. ஆனா ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், ரோட்ல பாதிக்கு நெல்லு காயப் போட்டு சுத்தி கல்லு வச்சிருக்காங்க, சில இடத்துல வைக்கோல் ரோடு முழுக்க பரப்பி கிடக்கு. ரோடு போட்டது வண்டி போறதுக்கா நெல்லு காயுறதுக்கா? அந்த கல்லு சாயங்காலம் எடுக்காம அப்படியே விட்டுட்டு போயிடுறாங்க. வைக்கோல் பின்வீல் கியர்ல சுத்திக்கிட்டு என் ஃப்ரெண்டு அரை மணி நேரம் உக்காந்து ஒண்ணொண்ணா உருவினான். இதுக்கு யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணணும்.

பூதப்பாண்டி_அண்ணாச்சி

தம்பி, பேரன் இத வாசிச்சுக் காட்டுனான், அதனால அவன் கைலயே டைப் அடிக்கச் சொல்லுதேன்.

கும்பப்பூ, அதாவது ரெண்டாம் போக நெல்லு, அறுப்பு மாசி பங்குனில. முன்னாடி ஆளு விட்டு அறுத்து கட்டி சுமந்து களத்துல போட்டு அடிச்சு அங்கனயே காயும். இப்ப மெஷின் வந்து ஒரு வயல அரை மணி நேரத்துல அறுத்து நெல்லா கொட்டிட்டுப் போயிரும். அது பச்ச நெல்லு, ஈரம் இருக்கும். கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா எடுக்க மாட்டாங்க, வியாபாரிகிட்ட குடுத்தா வெலைய பாதியா அடிப்பான். ஒரே வாரத்துல ஊரு முழுக்க அறுப்பு. களம் எங்க இருக்கு? இருந்த களத்துல பாதி வீடு மனையாப் போச்சு, மிச்சத்துல சமுதாய நலக்கூடம். தார் ரோடுதான் சூடா கெடக்கும், ரெண்டு வெயில்ல காஞ்சிரும். ரோட்ல போடுறது சரின்னு நான் சொல்லல. வேற எங்க போடன்னு சொல்லுங்க.

கல்ல எடுக்காம விடுறது தப்புதான், அது எங்க ஊர்லயே சண்டை நடக்கிற விஷயம். பைக்ல ராத்திரி வாறவன் விழுந்திருக்கான்.

வைக்கோல் மேல சைக்கிள் விடாதீங்க. எங்க பழைய சைக்கிளுக்கு செயின் கவர் உண்டு, கியர் கெடயாது, அது ஒண்ணும் செய்யாது. உங்க வண்டி வெலக்கூடினது. எறங்கி தூக்கிட்டு நாலு எட்டு நடந்தா முடிஞ்சு போச்சு. அதே மாதிரி காயுற நெல்லு மேலயும் ஏத்தாதீங்க, டயர் ஏறுனா உமி உடைஞ்சு அரிசி நொறுங்கும். கிண்டிவிடுற பொம்பளையாளு வெயில்ல நிக்கா, அவ ஏதாவது சத்தம் போட்டா அதுக்குத்தான்.

சென்னை_சக்கரம்

அண்ணாச்சி நீங்க சொல்றது புரியுது. 17 சதவீதம் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா ராத்திரி கல்லு விஷயத்துல நான் விடமாட்டேன், ஒரு சிவப்பு துணியாவது கட்டி வைக்கலாம்ல.

பூதப்பாண்டி_அண்ணாச்சி

துணி கட்டுனா மறுநாள் துணி இருக்காது. செங்கலுக்கு சுண்ணாம்பு அடிச்சு வைக்கச் சொல்லி இருக்கோம், சிலபேரு செய்யுதான். ஒங்க ரைடு எல்லாம் காலைலதான, ஏழு ஏழரைக்கு முன்னாடி வந்தா நெல்லே விரிச்சிருக்க மாட்டாங்க, பனி காஞ்ச பொறவுதான் விரிப்போம். கல்லு மட்டும் கெடக்கும், பாத்து வாங்க.

மார்த்தாண்டம்_மட்டிப்பழம்

நாஞ்சில் நாட்டுக்காரங்க வழக்கம்போல மேக்க ஒரு ஊரு இருக்கதையே மறந்தாச்சு. எங்க பக்கமும் ஏலா (வயக்காடு) உண்டு, வாழத்தோப்பு உண்டு, மட்டிப்பழத்துக்கும் புவிசார் குறியீடு கிட்டியாச்சு. மாத்தூர் தொட்டிப்பாலம் பாக்காம என்ன சைக்கிள் ட்ரிப்பு? 115 அடி ஒசரத்துல பரளியாத்துக்கு மேல தண்ணி போற பாலம், 1966ல கட்டி முடிச்சது, காமராஜர் காலத்துல ஆரம்பிச்ச வேலை. மேல நடந்து போலாம்.

சானல்கரை

மறக்கல அண்ணே, அவரு ஏத்தம் வேண்டாம்னு சொல்லியிருக்காரு. உங்க ஊர்ல கடைக்குப் போயிட்டு வீட்டுக்கு வரவே கியர் மாத்தணும். தொட்டிப்பாலம் பாக்க கார்ல கூட்டிட்டுப் போவட்டும், அது வேற கணக்கு. அதுலயும் தக்கலை மார்த்தாண்டம் ரோட்டத் தொடாம அங்க சைக்கிள்ல போய்ச் சேருறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

மார்த்தாண்டம்_மட்டிப்பழம்

அது சரிதான். ஏத்தம் உண்டு. ஆனா வாழ்க்கைல ஏத்தமே வேண்டாம்னா அவரு மைதானத்துல ஓட்டட்டும் 😄

நாமக்கோழி

ரெண்டாவது ரூட்டு ஒண்ணு நான் சொல்லுதேன், எங்க பறவை பாக்குற ஆளுங்க போற வழி. சுசீந்திரம் – தேரூர் – மருங்கூர் – மயிலாடி. சுசீந்திரம் வரைக்கும் கார்ல வந்து கோயில் பக்கத்துல வண்டிய போட்டுட்டு சைக்கிள எறக்குங்க, அந்த ஏழு கிலோமீட்டர் மெயின் ரோட்ட சவிட்டுறதுல எந்த லாபமும் கெடயாது.

சுசீந்திரம் குளம் மெயின் ரோட்டு ஓரத்துலயே, அதனால பறவை தூரத்துல இருக்கும். தேரூர் குளம்தான் அமைதி. ரெண்டும் சேந்து 2022ல ராம்சார்ங்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல வந்திருக்கு. பிப்ரவரின்னா வலசை வந்ததுல பாதியாவது இன்னும் இருக்கும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, தாமரை எலைமேல நடக்கிற எலைக்கோழி, நீலத் தாழைக்கோழி எல்லாம் பைனாகுலர் இல்லாமலே பாக்கலாம். சைக்கிள்ல வந்தா ஒரு வசதி, கார் கதவு சாத்துற சத்தத்துக்குப் பறக்குற பறவை சைக்கிளுக்கு அசையாது, ஃப்ரீவீல் கிர்ருன்னு சத்தம் போடுற வண்டியா இருந்தா மட்டும் குளத்தங்கரைல லேசா சவிட்டிக்கிட்டே வாங்க, சும்மா உருள விடாதீங்க.

தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊரு. மருங்கூர்ல முருகன் கோயில் சின்ன குன்று மேல இருக்கு, ஏறவேண்டாம்னா கீழ நின்னு கும்பிட்டுட்டுப் போங்க. மயிலாடில நுழையும்போதே உளிச் சத்தம் கேக்கும், ரோட்டு ஓரம் பூரா சிற்பக்கூடம், பாதி செதுக்குன நந்தி ஒண்ணாவது வாசல்ல கெடக்கும். கல்லுத்தூசி நெறைய, கண்ணாடி போட்டுக்கிடுங்க. இந்த ரூட்டு முழுசா சமதளம்னு சொல்ல மாட்டேன், மருங்கூர் பக்கம் லேசா தூக்கும். வீட்டம்மாவுக்கு சமாளிக்க முடியும்.

ஆரல்காத்து

இன்னொண்ணு சொல்ல மறந்தாச்சு. டாரஸ் லாரி, அதான் பல சக்கரம் வச்ச பெரிய லாரி. கல்லும் எம் சாண்டும் ஏத்திட்டு கேரளாவுக்குப் போற லாரி எங்க ஊரு வழியாத்தான் மாவட்டத்துக்குள்ள வரும். மெயின் ரோட்ல மட்டும் வந்தா பரவால்ல, சில நேரம் செண்பகராமன்புதூர் பக்கமெல்லாம் உள்ரோட்ல திரும்பிருவான். அகலம் கொறஞ்ச ரோட்ல அது பக்கத்துல போனா அடிக்கிற காத்து வேற, ரோட்டையும் நொறுக்கிட்டுப் போயிருவான். முன்னாடி டாரஸ் தெரிஞ்சா வீம்புக்கு நிக்காண்டாம்.

நாலுவழிச்சாலையும் அப்படித்தான், குளத்தையும் வயப்பத்தையும் குறுக்க வெட்டிப் போட்டிருக்கான். மேப்ல நேரா காட்டுற ஊர் ரோடு சில எடத்துல போய் மண்மேட்ல முட்டும், சர்வீஸ் ரோட்ல சுத்தி அடிப்பாலம் தேடணும். அதனால மேப்ப மட்டும் நம்பி வராதீங்க, ஒருநாள் பைக்ல போய் ரூட்ட பாத்துட்டு மறுநாள் சைக்கிள எடுங்க. மச்சான் யாராவது இருப்பாருல்லா வீட்ல, அவர்கிட்ட பைக்க வாங்குங்க.

மாமியார்வீட்டு_ரைடர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கல. மல்லி அக்கா எழுதினத அவங்களே வாசிச்சாங்க, கலுங்கு பாத்து நிக்கணும்ங்கிறத போன்ல குறிச்சு வச்சிருக்காங்க. மச்சான்கிட்ட பைக் கேட்டாச்சு, அவரு வீரநாராயணமங்கலம் வழி எனக்குத் தெரியும் நானே வர்றேன்னு கெளம்பிட்டாரு, இனிமே அவரயும் சமாளிக்கணும். முதல் நாள் திருப்பதிசாரம் – தாழக்குடி – பூதப்பாண்டி, நடுவுல ஒரு வார நாள்ல மணக்குடி, கடைசில தேரூர்னு வச்சிருக்கோம்.

ரெண்டு கேள்வி. சானல் கரைல போற ரோடு எல்லாம் 25 எம்எம் டயருக்கு ஓகேவா? வழியில சாப்பிட என்ன கிடைக்கும்?

சானல்கரை

சானல் கரைன்னு பொதுவா சொல்ல முடியாது. அனந்தனார் சானல், தோவாளை சானல், புத்தனார் சானல் எல்லாத்துக்கும் கரை உண்டு, ஆனா சில எடம் தார், சில எடம் சிமெண்டு, சில எடம் சரளும் செடியும். தார் போட்டதுலயும் வருஷம் ஒருதரம் மழைக்கு ஓரம் அரிச்சிரும். 25ல போலாம், கை மரத்துப்போவும், குழில விட்டா ட்யூபு கடிபட்டு ரெண்டு பல்லு பட்ட மாதிரி ஓட்டை விழும். உங்க வண்டில 28 ஏறும்னா மாத்திருங்க, 32 ஏறுச்சுன்னா யோசிக்காதீங்க. காத்த முழுசா கல்லு மாதிரி ஏத்தாண்டாம், கொஞ்சம் கொறச்சு வச்சா ரோடு தெரியாது. வீட்டம்மா வண்டிக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல, நீங்கதான் பின்னாடி வருவீங்க போல.

அப்பறம் குளத்துக்கு மறுகால் போற எடத்துல சில ரோடு தாழ்ந்து கெடக்கும், மேல தண்ணி லேசா ஓடும். ஆழம் கணுக்கால் கூட இருக்காது ஆனா சிமெண்டு மேல பாசி. நேரா, பிரேக் பிடிக்காம, சவிட்டாம உருண்டு போங்க. நடுவுல ஹேண்டில திருப்புனா விழுந்தீங்க. மாசில தண்ணி கொறவாத்தான் இருக்கும், பேச்சிப்பாறை தண்ணி பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் வழக்கமா விடுவாங்க.

கோட்டார்காரன்

சாப்பாட்ட எங்கிட்ட கேளுங்க. காலைல ஊருக்கு ஊரு டீக்கடை, கண்ணாடிப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க, ரசவடை சூடா இருந்தா விடாதீங்க. பழக்கொலை தொங்குற கடைல மட்டி, செந்துளுவன், ஏத்தன் கிட்டும், சைக்கிள் ஓட்டுறவனுக்கு அதுக்கு மேல எந்த எனர்ஜி ஜெல்லும் வேண்டாம். மாசில பனை சீசன் ஆரம்பம், தெங்கம்புதூர், அகஸ்தீஸ்வரம் பக்கம் ரோட்டோரம் அக்கானி (பதநீர்) வச்சிருந்தா காலைலயே குடிச்சிருங்க, வெயில் ஏறுனா புளிச்சிரும். பனையோலைப் பட்டைல ஊத்தித் தாரானான்னு பாருங்க, பிளாஸ்டிக் கப்புல தந்தா ருசி பாதி போச்சு.

தோவாளை_மல்லி

அக்கானி குடிச்ச ஒடனே வேகமா ஓட்டாதீங்க, வயிறு குலுங்கும். ஒரு பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க.

முட்டம்_லைட்ஹவுஸ்

மணக்குடிக்கு வார நாள் பிளான் போட்டதுக்கு நன்றி மாப்ள. செவ்வாய் புதன் நல்லது. போற வழில பறக்கை குளத்தயும் பாத்திருங்க, நாமக்கோழி சொன்ன பறவை பாதி அங்கயும் உண்டு. உப்பளத்து வரப்புல சைக்கிள ஏத்தாதீங்க, ஈர உப்பு செயின்ல பட்டா சாயங்காலத்துக்குள்ள செம்மண் நெறமா ஆயிரும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில கழுவித் தொடச்சு எண்ணெய் விட்டுருங்க. கடக்கரைக்கு வந்த எந்த வண்டிக்கும் அது கட்டாயம்.

பூதப்பாண்டி_அண்ணாச்சி

பேரன் கேக்கான், ஞாயித்துக்கெழமை வந்தீங்கன்னா அவனும் கூட வருவானாம். அவன்கிட்ட கியர் இல்லாத வண்டிதான். எங்க ஊரு பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் பிறந்த ஊரு, அவரு வீட்டப் பாக்கணும்னா கூட்டிட்டுப் போவான். பூதலிங்கசாமி கோயில் காலைல சீக்கிரமே தொறந்திரும்.

மாமியார்வீட்டு_ரைடர்

கண்டிப்பா வரச்சொல்லுங்க அண்ணாச்சி. கியர் இல்லாதவன் வந்தாதான் நாங்க மெதுவா போக ஒரு சாக்கு. கடைசியா ஒண்ணு, பஞ்சர் ஆனா ஊர்ப்பக்கம் கடை இருக்குமா? என்னோடது மெல்லிசு மூக்கு இருக்கிற ப்ரெஸ்டா வால்வு.

சானல்கரை

பஞ்சர் கடை எல்லா பெரிய ஊர்லயும் உண்டு ஆனா ஞாயித்துக்கெழமை காலைல தொறந்திருக்காது. ஒட்டுறதுக்கு ஒட்டிருவாங்க, காத்தடிக்கத்தான் அந்த வால்வுக்கு அவங்க பம்பு பொருந்தாது. சின்னதா பித்தளை அடாப்டர் ஒண்ணு விப்பாங்க, ரெண்டு வாங்கி பைல போட்டுக்கிடுங்க, ஒண்ணு எப்பவும் கீழ உருண்டு சானல்ல போயிரும். ட்யூபு உங்க சைஸுக்கு பெங்களூர்லயே ரெண்டு வாங்கிட்டு வந்திருங்க, நாகர்கோயில்ல எல்லாக் கடைலயும் கிட்டாது. வேலியோரம் உடைமுள்ளு வெட்டிப் போட்டிருக்கிற எடத்துல மட்டும் ரோட்டு நடுவுலயே ஓட்டுங்க.